காந்தம் ஒட்டாத எஃகு

வெப்பம் தாங்கும் வார்ப்பெஃகில் வேலை செய்கிறவர்கள் காலத்தை மணிக்கணக்கில்தான் பேசுவோம். ஒரு வருடம் என்றால் 8,760 மணி நேரம். உர ஆலையின் ரிஃபார்மர் குழாய்க்கு ஆயுள் கணக்குப் போடும்போது 1,00,000 மணி நேரம் என்று வைப்பார்கள். பதினோரு வருடத்துக்கும் மேல். அவ்வளவு காலமும் அந்தக் குழாய் செக்கச்சிவந்த சூட்டில் நிற்க வேண்டும். உள்ளே வாயுவின் அழுத்தம், வெளியே பர்னரின் தீ. எஃகு உருகாது, சட்டென்று முறியவும் செய்யாது. கண்ணுக்குத் தெரியாமல் நீண்டுகொண்டே போகும், குழாய் மெல்லப் பருக்கும், ஒரு நாள் பிளக்கும். கிரீப் என்று எங்கள் தொழிலில் சொல்வது இதைத்தான். பழைய எஃகின் இடத்துக்குப் புதிதாக ஒன்றைக் கொண்டுவருகிறேன் என்று போய் நின்றால் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது?" என்பதுதான். ஓடாமல் மணி சேராது. மணி சேராமல் ஓட விடமாட்டார்கள். நல்ல எஃகுகள் பல, ஆய்வகத்தின் அலமாரியிலேயே தங்கிப்போனதற்கு இதுவே காரணம்.

கோயம்புத்தூரில் பவுண்டரி என்றால் பம்ப்செட்டும் மோட்டார் பாடியும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊற்றுகிற இடங்கள் கொஞ்சம்தான். அவற்றிலும் பெரும்பாலும் வால்வு பாடிகள். நான் மெட்டலர்ஜி படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த பவுண்டரியில் இவற்றோடு ஹீட் ட்ரீட்மென்ட் உலைகளுக்கான தட்டுகளும் கூடைகளும் செய்தோம். அவற்றுக்கு ஹெச்கே40 என்ற எஃகு: நூற்றுக்கு 25 பங்கு குரோமியம், 20 பங்கு நிக்கல், 0.4 பங்கு கார்பன். ரிஃபார்மர் குழாய்களில் ஒரு காலத்தில் கோலோச்சியதும் இதேதான். பிறகு நிக்கலை 35 பங்குக்கு உயர்த்தி நியோபியம் சேர்த்த ஹெச்பி வகை வந்து அந்த இடத்தைப் பிடித்தது. இந்தப் பட்டியல் எங்களுக்கு மனப்பாடம். இதற்கு வெளியே புதிதாக ஒன்று வரும் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை. வந்தால் அது விலை உயர்ந்த, வாயில் நுழையாத பெயருள்ள ஏதோ ஒன்றாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தோம்.

வந்தது அப்படி இல்லை. சிஎஃப்8சி என்று ஒரு பழைய எஃகு உண்டு. 19 பங்கு குரோமியம், 10 பங்கு நிக்கல், கொஞ்சம் நியோபியம். வால்வு ஊற்றுகிற எந்த பவுண்டரிக்கும் தெரிந்த சரக்கு. இதன் கலவையைச் சற்றே மாற்றி சிஎஃப்8சி பிளஸ் என்ற புதிய எஃகை அமெரிக்காவில் உருவாக்கினார்கள். டென்னஸி மாநிலத்து ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகமும் கேட்டர்பில்லர் நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை இது. ஆய்வகத்தின் பக்கம் பிலிப் மேசியாஸ், நிறுவனத்தின் பக்கம் மைக்கேல் பொல்லார்டு ஆகியோர் முன்னின்றார்கள். 2003இல் ஆர் அண்ட் டி 100 விருது கிடைத்தது. என்னை ஈர்த்தது விருது அல்ல, அவர்கள் எங்கிருந்து தொடங்கினார்கள் என்பது. எல்லா பவுண்டரிக்கும் கைப்பழக்கமான ஒரு எஃகை எடுத்துக்கொண்டு, அதே உலையில், அதே பேட்டர்னில், ஏறக்குறைய அதே செலவில் ஊற்றக்கூடிய எல்லைக்குள் நின்றுகொண்டு வலுவைக் கூட்டினார்கள். ஊற்றிய பிறகு ஹீட் ட்ரீட்மென்ட்டும் தேவையில்லை. ஆய்வுக்கூடத்துக்காரர்கள் இப்படி பவுண்டரியை மனதில் வைத்து யோசிப்பது அபூர்வம்.

தேவை எஞ்சின் பக்கமிருந்து வந்தது. டீசல் எஞ்சினின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் டர்போ ஹவுசிங்கும் பல காலமாக சிலிக்கான், மாலிப்டினம் சேர்த்த வார்ப்பிரும்பில்தான், நாங்கள் எஸ்ஜி அயர்ன் என்கிற வகையில்தான், செய்யப்பட்டன. 4 பங்கு சிலிக்கான் சேர்த்தாலும் 750 டிகிரிக்கு மேல் அந்த இரும்பு தளர்ந்துவிடும். புகைக் கட்டுப்பாடு இறுக இறுக எஞ்சினின் சூடு ஏறியது. அமெரிக்காவில் 2007 முதல் கனரக டீசல் வண்டிகளுக்கு கடுமையான விதி வந்தபோது, வடிகட்டியில் சேர்ந்த புகைக்கரியை அவ்வப்போது எரித்துத் தள்ள ஒரு பர்னர் தேவைப்பட்டது. அந்த பர்னரின் உறையைத்தான் கேட்டர்பில்லர் இந்தப் புதிய எஃகில் வார்த்தது. அதோடு, சோலார் டர்பைன்ஸின் மெர்க்குரி 50 வாயுச் சுழலிக்கு சுமார் 3 டன் எடையில் ஒரு பெரிய மூடியையும் இதே எஃகில் வார்த்துக் காட்டினார்கள்.

உள்ளே என்ன மாற்றினார்கள் என்பதைச் சொல்லாமல் போனால் இந்த எஃகுக்கு நியாயம் செய்ததாகாது. பழைய சிஎஃப்8சி உறையும்போது அதன் உட்கட்டமைப்பில் 15, 20 பங்கு வரை டெல்டா ஃபெரைட் என்ற பகுதி நிற்கும். சாதாரண வெப்பத்தில் அது நல்லது. வெல்டிங்கில் விரிசல் வராமல் காக்கும். ஆனால் 700, 800 டிகிரியில் ஆயிரக்கணக்கான மணி நேரம் வைத்தால் அந்த ஃபெரைட் சிக்மா என்ற வேறொரு பொருளாக மாறிவிடும். சிக்மா கெட்டியானது, ஆனால் நொறுங்கக்கூடியது. அந்த எஃகைக் குளிர்ந்தபின் சுத்தியலால் தட்டினால் வளையாமல் உடையும். புதிய எஃகில் நிக்கலை 12.5 பங்குக்கு உயர்த்தி, மாங்கனீஸ் 4 பங்கும் நைட்ரஜன் 0.25 பங்கும் சேர்த்து, சிலிக்கானைக் குறைத்துவிட்டார்கள். அதனால் ஃபெரைட் உருவாவதே இல்லை. சிக்மாவுக்கு விதையே கிடைக்காமல் போகிறது. மாங்கனீஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு: உருகிய எஃகு அதிக நைட்ரஜனைக் கரைத்து வைத்துக்கொள்ள அது இடம் கொடுக்கிறது. எஃகு சூட்டில் வேலை செய்யத் தொடங்கியதும் நியோபியமும் கார்பனும் சேர்ந்து நானோமீட்டர் அளவில் மிக நுண்ணிய துகள்களாகப் படிகின்றன. எஃகு நீள வேண்டுமானால் அதன் அணு வரிசைகளில் உள்ள பிறழ்வுகள் நகர வேண்டும். இந்தத் துகள்கள் அவற்றை நகரவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. ஓக் ரிட்ஜில் அணு உலைகளுக்கான எஃகுகளில் நீண்ட காலம் உழைத்துச் சேர்த்த அறிவு இது. அதனால்தான் கண்ணைக் கட்டிக்கொண்டு நூறு கலவைகளை உருக்கிப் பார்க்காமல், எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் என்ன தெரிய வேண்டும் என்று முதலில் முடிவுசெய்து, அதை நோக்கிக் கலவையை நகர்த்த அவர்களால் முடிந்தது.

எங்களிடம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எஃகு ஒரு டர்போ ஹவுசிங்குக்கான விசாரணையாக வந்தது. டிராயிங்கோடு ஒரு பக்கத்துக் கலவைக் குறிப்பு. அதைப் படித்தவுடன் எங்கள் பர்சேஸ் ஆள், "சிஎஃப்8சிதானே சார், மாங்கனீஸ் போட்டா முடிஞ்சுது" என்றார். எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் பட்டது. முதல் ஹீட்டின், அதாவது முதல் உருக்கலின், மாதிரித் துண்டு குளிர்ந்ததும், லேப் மேஜையில் நூலில் தொங்கும் சிறு காந்தத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோனேன். பழைய சிஎஃப்8சி என்றால் ஃபெரைட் இருப்பதால் காந்தம் மெல்லச் சாய்ந்து துண்டை வந்து தொடும். இதில் நூல் நேராகவே தொங்கியது. துண்டைத் திருப்பினேன், தடித்த பக்கம், மெலிந்த பக்கம், மூலை என்று எல்லா இடத்திலும் வைத்தேன். அசையவில்லை. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், ஃபெரைட் இல்லை என்பதை அந்த நூல் காட்டிவிட்டது. கலவை சரி என்று நிம்மதியாக இருந்தது.

நிம்மதி ஊற்றிய அச்சுகளைப் பிரிக்கும்வரைதான். எங்கள் மெல்டர் அண்ணன் முப்பது வருட அனுபவமுள்ளவர். அவர் ஊற்றி முடித்து ஒரு வரிசை அச்சுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். என்னைக் கூப்பிட்டு ரைசரைக் காட்டினார். "ஏனுங் சார், ரைசரு கீழ எறங்கோணுமில்லீங்க? இது பன்னாட்ட உப்பிட்டு நிக்குது." சரியான எஃகு என்றால் ரைசரின் தலை நடுவில் குழிந்து கீழே போக வேண்டும், அந்த எஃகுதான் சுருங்குகிற வார்ப்புக்குள் போய் இடத்தை நிரப்புகிறது. இங்கே தலை மேலே எழும்பி வெடித்திருந்தது. வார்ப்பை அறுத்துப் பார்த்தால் தோலுக்குக் கீழே ஊசி முனை அளவில் நெருக்கமாகத் துளைகள். உள்ளே வாயு.

வாயு என்றால் நைட்ரஜன் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். நாங்கள்தான் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறோம். ஆனால் பகுப்பாய்வில் 0.25 என்றே வந்தது, குறிப்பில் கேட்டபடி. அப்படியானால் மிச்சம் எங்கிருந்து? நைட்ரைடு செய்த ஃபெரோகுரோம் எவ்வளவு போட்டோம், எந்தச் சூட்டில், எவ்வளவு நேரத்துக்கு முன் என்று ஹீட் கார்டுகளைப் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. துப்பு மோல்டிங் பக்கமிருந்து வந்தது. புது மணலில் பிடித்த அச்சுகளில் துளை குறைவாகவும், பலமுறை சுற்றிவந்த மீட்பு மணலில் பிடித்தவற்றில் அதிகமாகவும் இருந்தது. சூடேற்றாமலே இறுகும் நோ-பேக் மணலைப் பிடித்து வைக்கிற ரெசினிலேயே நைட்ரஜன் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் எரியாமல் மிஞ்சும் ரெசின் மணலில் சேர்ந்துகொண்டே போகும். சாதாரண எஃகு அந்தக் கொஞ்ச நைட்ரஜனை ஓசையில்லாமல் விழுங்கிவிடும். இந்த எஃகோ ஏற்கெனவே கரைத்து வைக்கும் எல்லையை ஒட்டி நிற்கிறது; மணல் கொடுக்கும் ஒரு துளியும் அதற்கு அதிகம். நைட்ரஜன் குறைந்த ரெசினுக்கு மாறினோம், இந்த வேலைக்கு மட்டும் புது மணலைத் தனியாக ஒதுக்கினோம், நைட்ரஜன் சேர்ப்பை உலையிலிருந்து இறக்குவதற்குச் சற்று முன்பாகத் தள்ளினோம், ஊற்றும் சூட்டைக் குறைத்தோம். ரைசர்கள் குழிய ஆரம்பித்தன. இந்த எஃகைப் பற்றி நான் பார்த்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இந்த மணல் விஷயம் இல்லை, ஏனென்றால் ஆய்வகத்தில் மணலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதில்லை.

உலைச் சுவரும் தன் பங்குக்குத் தொல்லை கொடுத்தது. மாங்கனீஸ் ஆக்சைடு சிலிக்கா லைனிங்கை அரிக்கும். அரிக்க அரிக்க எஃகில் சிலிக்கான் ஏறும். சிலிக்கானைக் குறைப்பதுதானே இந்தக் கலவையின் ஒரு கால்? மேக்னசைட், அலுமினா கலந்த லைனிங்குக்கு மாறினோம், அதன் விலையைக் கேட்டு மேலிடம் முகம் சுளித்தது. ஃபெரோநியோபியம் மெதுவாகக் கரையும் சரக்கு. கரையாமல் அடியில் நின்ற ஒரு கட்டி, கலவையைக் குறைத்துக் காட்டி எங்களைக் கொஞ்ச நாள் குழப்பியது. ஃபெரைட் இல்லாத எஃகு உறையும்போது சூட்டு விரிசலுக்கு ஆளாகும் என்பதால் ஃபிளாஞ்சும் கழுத்தும் சேர்கிற முனைகளில் ஆரத்தைக் கூட்டச் சொல்லி டிராயிங்கை மாற்றக் கேட்டோம். வெட்டி எடுத்த ரைசர்களையும் ரன்னர்களையும் மற்ற ஸ்டெயின்லெஸ் குவியலோடு கலக்கக் கூடாது. கலந்தால் வால்வு எஃகின் மாலிப்டினம் உள்ளே வந்துவிடும், அது ஃபெரைட்டையும் சிக்மாவையும் மறுபடி கூட்டிவரும். இதற்குத் தனியாக ஒரு கூண்டு, அதற்கு ஒரு பூட்டு. பூட்டின் சாவி மெல்டர் அண்ணனிடம்.

இதெல்லாம் சரியான பிறகும் முதல் கேள்வி அப்படியே நின்றது: எத்தனை மணி நேரம்? 1952இல் லார்சனும் மில்லரும் சொன்ன ஒரு வழியை எல்லோரும் கையாள்கிறோம். சூட்டை ஏற்றினால் காலம் சுருங்கும் என்பதுதான் அதன் சாரம். அந்தச் சூத்திரத்தில் வழக்கமான மாறிலியான 20ஐ வைத்துக் கணக்குப் போட்டால், 850 டிகிரியில் 10,000 மணி நேரத்தில் முறிகிற துண்டு, அதே சுமையில் 900 டிகிரியில் 1,000 மணி நேரத்திலேயே முறியும். 50 டிகிரியை ஏற்றி ஒரு வருடத்தை ஆறு வாரமாகச் சுருக்கிவிடலாம். வாங்குபவரும் விற்பவரும் இதை ஏற்றுக்கொள்கிறார்கள். எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. சிக்மா உருவாவது ஏறக்குறைய 600க்கும் 900க்கும் இடையில், நடுப்பகுதியில்தான் வேகம். சோதனையை விரைவாக்கச் சூட்டை ஏற்றினால், அந்த நோய் வராத இடத்துக்கே துண்டைக் கொண்டுபோய் விடுகிறோம். வேகமாக ஓடிய துண்டு நலமாக வெளியே வரும். மெதுவாக ஓடும் வண்டியில் வார்ப்பு உடையும்.

ஆகவே நாங்கள் ஒரு காரியம் செய்தோம். பழைய சிஎஃப்8சியிலும் புதிய எஃகிலும் ஒரே மாதிரித் துண்டுகளை வெட்டி, லேபில் இருந்த மஃபிள் உலையில் 800 டிகிரியில் போட்டு விட்டுவிட்டோம். சுமை கிடையாது, வெறும் சூடு. வாரக்கணக்கில் கிடந்தபின் எடுத்து, மெருகேற்றி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மின்சாரம் செலுத்தி அரிப்பேற்றிப் பார்த்தேன். பழைய எஃகில் ஃபெரைட் இருந்த தீவுகளெல்லாம் நிறமேறி சிக்மாவாக நின்றன. புதியதில் வெளிறிய பரப்பும், எல்லைகளில் மெல்லிய கார்பைடு வலையும் மட்டுமே. அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வாங்குபவருக்கு அனுப்பினோம். பத்துப் பக்கம் எழுதிய அறிக்கை செய்யாத வேலையை அந்தப் படங்கள் செய்தன.

எஞ்சினுக்கு கிரீப் மட்டும் பிரச்சினை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ரிஃபார்மர் குழாய் ஒரே சூட்டில் நிற்கும். வண்டி நிற்கும், கிளம்பும், மேடு ஏறும், இறங்கும். இவ்வகை எஃகு சூட்டில் அதிகமாக விரியும். அரை மீட்டர் நீள மேனிஃபோல்டை 800 டிகிரி சூடேற்றினால் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீளும். இரு முனையும் போல்ட்டில் இறுகி நிற்க, நீள்வதற்கு இடமில்லாமல் தனக்குள் அமுங்கும், ஆறும்போது இழுபடும். எஃகு எவ்வளவு நல்லதானாலும் இரும்புக்காக வரைந்த டிராயிங்கில் அதை அப்படியே ஊற்றினால் விரிசல் நிச்சயம். போல்ட் ஓட்டையை நீள்வட்டமாக்கவும், சுவரை மெல்லியதாக்கவும் டிசைனர் சம்மதிக்க வேண்டும். இந்தப் பேச்சுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. எஃகை மாற்றச் சம்மதிக்கிறவர்கள் வடிவத்தை மாற்றச் சம்மதிப்பதில்லை.

கதவைத் திறந்துவிட்டவை இரண்டு. முதலாவது நிக்கலின் விலை. 2007 மே மாதத்தில் டன்னுக்கு 50,000 டாலரைத் தாண்டியது. 2022 மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் 1,00,000 டாலரைத் தொட்டதும் வர்த்தகத்தையே நிறுத்தினார்கள். டர்போ ஹவுசிங்குகளில் புழங்கிய நி-ரெசிஸ்ட் டி5எஸ் இரும்பில் 35 பங்கு நிக்கல். அதன் பக்கத்தில் 12.5 பங்கு நிக்கலோடு வந்து நிற்கிற எஃகின் கலவைக் குறிப்பை அக்கவுண்ட்ஸ்காரர்களும் ஆர்வத்தோடு படித்தார்கள். இரண்டாவது, ஏஎஸ்டிஎம் ஏ297 தர நிர்ணயத்தில் இந்த எஃகு ஹெச்ஜி10எம்என்என் என்ற பெயரில் இடம்பெற்றது. பட்டியலில் ஒரு வரிதான். ஆனால் டிராயிங்கில் கையெழுத்துப் போடுகிற பொறியாளருக்கு அந்த வரி ஒரு கைப்பிடி. ஏதாவது ஆனால் தன் சொந்தத் துணிச்சலில் செய்ததாக இருக்காது என்ற தைரியம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை; செஞ்சூட்டில் ஓடும் ஒரு பாகத்துக்குப் பொறுப்பேற்கிறவர் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இந்த எஃகுக்கும் எல்லை உண்டு. வலுவில் அல்ல, தோலில். எக்ஸாஸ்ட் புகையில் நீராவி நிறைய இருக்கிறது. எஃகைக் காக்கிற குரோமியம் ஆக்சைடு, சூடான நீராவியில் மெல்ல ஆவியாகப் போய்விடும். 800 டிகிரிக்கு மேலே போகப் போக இது தீவிரமாகும். பெட்ரோல் டர்போ எஞ்சின்களில் புகை 1,000 டிகிரியைத் தொடுகிறது. அங்கே இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதற்காகக் குரோமியத்துக்குப் பதில் அலுமினியம் ஆக்சைடு தோல் வளர்க்கிற வார்ப்பெஃகுகளை ஓக் ரிட்ஜ் உட்படப் பல இடங்களில் உருவாக்கி வருகிறார்கள். நீராவிக்கு அந்தத் தோல் அசைவதில்லை.

ஆனால் பவுண்டரிக்காரராக எனக்குக் கவலை வேறு. காற்றில் ஊற்றும்போது அலுமினியம் உள்ள எஃகின் மேல் ஆடை படியும். அச்சுக்குள் இரண்டு ஓட்டங்கள் சந்திக்கிற இடத்தில் அந்த ஆடை மடிந்து உள்ளே சிக்கும், வெளியே பார்த்தால் தெரியாது, அழுத்தம் வைத்தால் கசியும். அதைவிட, இவ்வளவு நாள் நாங்கள் பாடுபட்டு எஃகுக்குள் நிறுத்தப் பழகிய நைட்ரஜன் அங்கே எதிரி. அலுமினியத்தைப் பிடித்து நைட்ரைடாக்கிவிடும், தோலுக்கு மிஞ்சாது. ஆகவே ரெசின், மணல், லைனிங், ஸ்க்ராப் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். கலவையைத் தீர்மானிக்கும் கூட்டத்திலேயே ஊற்றுகிறவரும் மணல் பிடிக்கிறவரும் உட்கார்ந்திருந்தால் இந்த வேலையில் பல வருடம் மிச்சமாகும். எங்கள் பவுண்டரியில் இப்போது நைட்ரஜனே இல்லாத பைண்டரில் சில சோதனை அச்சுகள் பிடித்து வைத்திருக்கிறோம். தடித்த சுவரும் மெல்லிய சுவரும் ஒரே வார்ப்பில் சேர்ந்து வருகிற மாதிரி ஒரு பேட்டர்னைச் செய்தாயிற்று. ஆடை எந்த இடத்தில் மடிகிறது என்று அறுத்துப் பார்க்கத்தான் அது.